டொரண்டோ பனிக்காலத்தில் ஓடும்போது கால் நனையாமல், விறைக்காமல் இருக்க என்ன வழி?

அடையாறு_ஓட்டக்காரன்

வணக்கம். போன மே மாதம்தான் டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்கு வந்து சேர்ந்தேன். சென்னையில் அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் விடிகாலையில் ஓடிப் பழக்கம், அங்கே தொல்லை என்றால் புழுக்கமும் தெருநாயும்தான். மார்ச் கடைசியில் ஹாமில்டனில் நடக்கும் அரவுண்ட் தி பே 30 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதாவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெளியே ஓடியே ஆக வேண்டும்.

உடம்புக்குக் குளிர் ஓரளவு பழகிவிட்டது, கொஞ்ச தூரம் போனதும் சூடாகிவிடுகிறது. கால்தான் படுத்துகிறது. என்னிடம் இருப்பது கோடையில் வாங்கிய மெஷ் ஷூ, மேல்பக்கம் வலைத்துணி. சாலை முனைகளில், பனி அள்ளும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன குவியலுக்கும் நடைபாதைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் தேங்கி நிற்கிறதே, பார்த்தால் கெட்டியாகத் தெரிகிறது, வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறது. அதற்கப்புறம் விரல்கள் முதலில் எரிகின்றன, பிறகு வலிக்கின்றன, பிறகு அங்கே விரல் இருப்பதே தெரிவதில்லை. இரண்டு காட்டன் சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். குளிர் கூடியதே தவிர குறையவில்லை, அது ஏன் என்று சுத்தமாகப் புரியவில்லை.

கடையில் கேட்டால் கோர்டெக்ஸ் என்கிற நீர்புகாச் சவ்வு வைத்த ஷூ வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். அதே மாடல் சாதாரண ஷூவைவிட விலை கணிசமாக அதிகம். வாங்கலாமா, இல்லை சாக்ஸை மட்டும் மாற்றினால் போதுமா? பனிக்காலம் முழுக்க வெளியில் ஓடுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். ட்ரெட்மில் யோசனை மட்டும் வேண்டாம், அதில் அரை மணிக்கு மேல் என்னால் நிற்க முடியாது.

சும்மா_படிப்பவன்

ட்ரெட்மில்.

நரைதாடி

மேலே உள்ளவரை விடுங்கள் தம்பி, எல்லா இழையிலும் ஒருவர் இப்படி வருவார்.

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு இருக்கிறது. மைனஸ் 12, மைனஸ் 15 என்று இறங்கும் நாளில் பனி பொடியாகக் காய்ந்து கிடக்கும், ஷூவில் ஒட்டினாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். அன்றைக்குக் காலை நனைப்பது பெரும்பாலும் உங்கள் சொந்த வியர்வைதான், விறைக்க வைப்பது காற்று. பிளஸ் 1, மைனஸ் 2 என்று ஊசலாடும் நாளில்தான் நீங்கள் சொல்கிற கூழ். ஏரிக்கரை ஊர் என்பதால் நமக்கு இந்த இரண்டாவது வகை நாள் நிறைய வாய்க்கிறது, அதுவும் பிப்ரவரி பாதிக்கு மேல் கேட்கவே வேண்டாம். இரண்டுக்கும் ஒரே மருந்து என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

அந்தக் கூழ் ஏன் அப்படிக் கடிக்கிறது என்றால், உப்பு. நல்ல தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துவிடும், அதனால் அதைவிடக் குளிர்ந்த குட்டையில் நீங்கள் கால் வைக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. சாலையில் கொட்டிய உப்பு கரைந்த தண்ணீர் மைனஸ் 5-லும் மைனஸ் 8-லும்கூடத் தண்ணீராகவே நிற்கும், உப்பு முழுக்க ஏறிய கரைசல் என்றால் கிட்டத்தட்ட மைனஸ் 21 வரை. அதற்குள் மெஷ் ஷூவோடு இறங்குகிறீர்கள். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சூட்டைக் கடத்துவது சுமார் 25 மடங்கு அதிகம். விரல் மரத்துப் போகாமல் வேறு என்ன செய்யும்?

இப்போது கோர்டெக்ஸ். அந்தச் சவ்வு வேலை செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை, 1969-ல் பாப் கோர் அந்த டெஃப்லான் வகைப் பொருளை இழுத்து விரித்து நுண்துளை உள்ள சவ்வாக்கியதிலிருந்து மழைச்சட்டைக்கு அதை அடித்துக்கொள்ள ஒன்று வருவது பெரும்பாடாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் ஷூவின் உச்சியில் ஒரு பெரிய திறப்பு இருக்கிறதே, கால் உள்ளே போகிற வழி, அதை எந்தச் சவ்வாலும் அடைக்க முடியாது. கூழ் கணுக்கால் வரை வந்தால் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். இறங்கியது வெளியே போகவும் முடியாது, சவ்வு அதையும் சேர்த்து உள்ளே தடுத்து வைத்துக்கொள்ளும். மிச்ச ஓட்டம் முழுக்கக் காலுக்கொரு தொட்டியைச் சுமந்துகொண்டு ஓட வேண்டியதுதான். மெஷ் ஷூ என்றால் அடுத்த சில அடிகளிலேயே பாதித் தண்ணீர் பிதுங்கி வெளியே போய்விடும்.

அதனால் என் கட்சி இதுதான்: கூழ் நாளில் காலை உலர்வாக வைத்திருக்கும் முயற்சியையே விட்டுவிடுங்கள். நனைந்தாலும் சூடாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது முடியும். அதற்கு வேண்டியது கம்பளி, குறிப்பாக மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி கலந்த ஓட்ட சாக்ஸ். கம்பளி இழை தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதோடு இழை சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தாலும் ஒரேயடியாகப் படுத்துவிடாமல் நடுவில் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். காட்டன் நனைந்தால் தொய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயவும் காயாது. ஒரு ஜோடி மெரினோ 20 டாலருக்கு மேல் ஆகும், வயிறு எரியும்தான். ஆனாலும் ஷூவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசில் இரண்டு ஜோடி வாங்கிவிடலாம்.

இரண்டு சாக்ஸ் போட்டதும் குளிர் கூடியதற்குக் காரணம் ஷூவுக்குள் இடம் இல்லாமல் போனதுதான். விரல்கள் நெருக்கிப் பிடித்துக்கொண்டால் ரத்தம் சரியாக ஓடாது, சாக்ஸுக்குள் இருக்க வேண்டிய காற்றும் நசுங்கி வெளியேறிவிடும். பனிக்காலத்தில் ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் லேஸைத் தளர்த்துங்கள், அதிலும் சரியாகவில்லை என்றால் அரை அளவு பெரிய ஷூ.

அப்புறம் கால் குளிர்கிறது என்றால் காலை மட்டும் பார்க்காதீர்கள். நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் குளிர்ந்தால் உடம்பு முதலில் செய்கிற காரியம் கை கால் விரல்களுக்குப் போகிற ரத்தக் குழாயைச் சுருக்குவதுதான். டைட்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடுவில் கணுக்கால் தோல் வெறுமனே தெரிகிற மாதிரி ஓடுகிற நிறையப் பேரைப் பார்க்கிறேன். பாதத்துக்குப் போகிற ரத்தம் அந்த இடத்தில் தோலை ஒட்டித்தான் ஓடுகிறது, அதைக் காற்றில் காட்டிக்கொண்டு போனால் கீழே என்ன சாக்ஸ் போட்டும் பயன் இல்லை. உயரமான சாக்ஸ் வாங்குங்கள்.

மல்வேர்ன்_அக்கா

நரைதாடி அண்ணை சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மற்றப் பாதிக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறேன்.

நான் ஓடுவது விடிய ஐந்து மணிக்கு, வேலைக்குப் போக முதல். அந்த நேரத்தில் மல்வேர்ன் உள் வீதிகளில் யாரும் உப்புப் போட்டிருக்க மாட்டார்கள், கூழ் என்று ஒன்றும் இராது, இரவு கொட்டின பனி அப்படியே சப்பாத்து மூடுகிற அளவுக்கு இருக்கும். அதற்குள் மெஷ் சப்பாத்தோடு போனால் பனித்தூள் வலைக்குள் புகுந்து கால் சூட்டில் உருகிவிடும், இரண்டு கிலோமீட்டருக்குள் விரல் எல்லாம் தண்ணீர். நீர்புகாச் சப்பாத்து போட்ட பிறகு எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. காற்றையும் மறிக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. மெஷ் என்பது கால் வியர்க்காமல் இருக்கக் காற்று வரட்டும் என்று செய்தது, ஜனவரியில் அந்தக் காற்று எனக்கு எதற்கு?

மேலே இருக்கிற திறப்பால் தண்ணீர் வரும் என்கிறார் அண்ணை. வரும். அதற்குத்தான் கெய்ட்டர் என்று ஒன்று விற்கிறார்கள், சப்பாத்தின் வாயையும் கணுக்காலையும் சேர்த்து மூடுகிற துணி, சப்பாத்து லேஸில் ஒரு கொக்கி மாட்ட வேண்டும். அது இல்லாவிட்டாலும் டைட்ஸைச் சப்பாத்துக்கு வெளியே இழுத்து விட்டால் பொடிப் பனிக்குப் போதும். கணுக்கால் ஆழக் குட்டைக்குள் இறங்கினால் இதெல்லாம் சரிவராது, ஒத்துக்கொள்கிறேன். நான் குட்டையைக் கண்டால் சுற்றிப் போகிறவள், ஆம்பிளைப் பிள்ளைகள் மாதிரி பாய்ந்து தாண்டப் போவதில்லை.

ஒன்று கவனம் தம்பி. நீர்புகாச் சப்பாத்தின் வெளித் துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட ஒரு பூச்சு இருக்கும், உப்புப் பட்டுப் பட்டு அது போய்விடும். போனால் துணி தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், உள்ளே வியர்வை ஆவி வெளியேற வழி இல்லாமல் அங்கேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். சப்பாத்து ஓட்டை என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு ஓடுவார்கள், நனைந்தது சொந்த வியர்வையில். உப்பை ஈரத் துணியால் துடைத்து வையுங்கள், அந்தப் பூச்சை ஸ்ப்ரேயாக விற்கிறார்கள், பருவத்துக்கு ஒருக்கால் அடித்தால் காணும்.

நீங்கள் எங்கே, எத்தனை மணிக்கு ஓடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே? அதைச் சொல்லாமல் வாங்கு, வாங்காதே என்று நாங்கள் அடிபடுவதில் அர்த்தம் இல்லை.

அடையாறு_ஓட்டக்காரன்

அக்கா, நல்ல கேள்வி. வார நாளில் வேலை முடிந்து மாலை ஆறு, ஏழு மணிக்கு எக்லின்டன், மார்க்கம் சாலை நடைபாதைகளில்தான், அதாவது கூழின் தலைநகரம். ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு மார்னிங்சைட் பூங்காவில் இறங்கி ஹைலண்ட் கிரீக் ஓரமாக ஏரி வரை போய்த் திரும்புகிறேன். அங்கே பனி, சில இடத்தில் பளபளவென்று ஐஸ். அப்படிப் பார்த்தால் வாரநாளுக்கு நரைதாடி அண்ணன், ஞாயிற்றுக்கிழமைக்கு மல்வேர்ன் அக்கா என்று வருகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், கிண்டல் செய்கிறாரா என்று தெரியவில்லை. அப்புறம் கடையில் கால்விரல் சூடேற்றி என்று சின்னப் பொட்டலம் விற்கிறார்களே, அது ஓட்டத்துக்கு உதவுமா?

எட்மன்டன்_பனிக்கரடி

மைனஸ் 10-ஐக் குளிர் என்று டொரண்டோக்காரர்கள் சொல்வதைப் படிக்க எப்போதும் இதமாக இருக்கும். இங்கே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மைனஸ் 25-ல் ஆட்கள் கூட்டமாக ஓடுவார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் உங்கள் ஊர்க் கூழை விட எங்கள் ஊர்க் காய்ந்த குளிர் காலுக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பை கிண்டல் இல்லை. மெல்லிய சாக்ஸ், அதன்மேல் பிரெட் வந்த பை, அதன்மேல் கம்பளி சாக்ஸ், பிறகு ஷூ. பையின் வேலை வெளித் தண்ணீரைத் தடுப்பதைவிட, உங்கள் வியர்வை கம்பளிக்குப் போகாமல் தடுப்பது. கம்பளி காய்ந்தே இருக்கும், சூடு தங்கும். கால் உள்ளே புழுங்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு உள்பட்ட ஓட்டத்துக்குச் சரி. இரண்டரை மணி ஓடினால் தோல் ஊறிச் சுருங்கிக் கொப்புளம் நிச்சயம். பை உள்ளே வழுக்குவதால் ஐஸ் மேல் கொஞ்சம் நிதானம் வேண்டும். விரல் பகுதிக்கு மட்டும் வெட்டி மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு, அதில் புழுக்கம் குறைவு.

காசு செலவில்லாத இன்னொரு வழி, டக்ட் டேப். மெஷ் ஷூவின் முன்பக்கம், விரல்களுக்கு மேலே, வெளிப்புறமாக ஒட்டிவிடுங்கள். ஷூ காய்ந்து, அறைச் சூட்டில் இருக்கும்போது ஒட்டினால்தான் பிடிக்கும். விரல் மேல் அடிக்கிற எதிர்க்காற்று நின்றுவிடும், பாதி வித்தியாசம் அதிலேயே தெரியும். பார்க்கக் கண்றாவியாக இருக்கும், இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

சூடேற்றிப் பொட்டலம் பற்றி: உள்ளே இருப்பது இரும்புத் தூள். அது காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கிற வேதிவினையில்தான் சூடு வருகிறது. இறுக்கமான ஓட்ட ஷூவுக்குள் காற்று போதாது, நனைந்துவிட்டால் அதோடு முடிந்தது. அடிப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் மேட்டில் மிதிக்கிற மாதிரி உறுத்தும். வைத்தே ஆக வேண்டும் என்றால் விரல்களுக்கு மேல்பக்கம், சாக்ஸுக்கு வெளியே ஒட்டுங்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்பதற்கு அது அருமையான பொருள், ஓட்டத்துக்கு நான் எடுப்பதில்லை.

ஐஸுக்கு: பழைய ஷூ ஒன்றை எடுத்து அடிப்பாகத்தில் அறுகோணத் தலையுள்ள குட்டைத் திருகு, தகரத்துக்கு அடிப்பார்களே அந்த வகை, 3/8 அங்குல நீளம், ஓரமாகச் சுற்றிலும் ஆறு ஏழும் குதிகாலில் மூன்று நான்கும் முடுக்கி விடுங்கள். தலையின் விளிம்புதான் ஐஸைக் கடிக்கும். அடிப்பாகம் தடிமனாக இருக்கிற இடமாகப் பார்த்து முடுக்குங்கள், முனை உள்ளே எட்டிப் பார்க்கிறதா என்று கையை விட்டுத் தடவிய பிறகு காலை விடுங்கள். காசு இருந்தால் கழற்றி மாட்டுகிற ஆணிப்பட்டை வாங்கலாம், ஆனால் அதன் ரப்பர் பட்டை ஷூவை இறுக்கிப் பிடிக்கும், விரல் பக்கம் நெருக்கினால் குளிர் ஏறும், பெரிய அளவு வாங்குங்கள்.

இன்னொன்று, ஷூவைக் காரின் டிக்கியில் விட்டு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் நுரை குளிரில் கல்லாகிவிடும், அது இளகுவதற்குள் கால் விறைத்துவிடும். வீட்டுக்குள் வைத்து, சூட்டோடு போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இரவுப்பணி

மருத்துவமனையில் செவிலியாக வேலை, ஓட்டம் அவ்வப்போதுதான், அதனால் ஷூ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "விரல் இருப்பதே தெரிவதில்லை" என்று எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

எரிச்சலும் வலியும் இருக்கும்வரை நல்லது, நரம்பு வேலை செய்கிறது. வலி நின்று மரத்துப்போய், தோல் வெளுத்தோ சாம்பலாகவோ மெழுகு பூசினாற்போலத் தெரிந்தால் அது உறைகாயத்தின் ஆரம்பம். நம் தோலில் வெளுப்பு சட்டென்று கண்ணில் படாது, பக்கத்து விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள், காபிக் கடையோ பேருந்தோ எதுவானாலும் சரி. தேய்க்க வேண்டாம், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். ஹீட்டரில் காட்ட வேண்டாம், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கிறோம். வெதுவெதுப்பான தண்ணீர், 37-லிருந்து 39 டிகிரி, அதில் காலை வையுங்கள், சூட்டை வேறொருவர் கையால் பார்க்கட்டும். திரும்ப வெளியே குளிரில் போக வேண்டியிருந்தால் அதற்கு முன் சூடேற்ற வேண்டாம், உருகி மறுபடி உறைவதுதான் பெரிய சேதம். உணர்வு திரும்பவில்லை, அல்லது கொப்புளம் வந்தது என்றால் உடனே மருத்துவரிடம்.

கனடா வானிலைத் துறையின் அட்டவணைப்படி, வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிற காற்றுக் குளிர் எண் மைனஸ் 28-லிருந்து மைனஸ் 39 வரை இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அது காய்ந்த தோலுக்கு. ஈர சாக்ஸுக்குள் இருக்கிற விரலுக்கு அந்தக் கணக்கை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

0-க்கு மேலே இருந்தாலும் ஈரம் தனியாகக் கெடுதல் செய்யும். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் நின்ற சிப்பாய்களுக்குக் கால் அழுகியது உறைந்ததால் மட்டும் இல்லை, நாள் கணக்கில் ஈரத்திலும் குளிரிலும் நின்றதால். ஒரு மணி நேர ஓட்டத்தில் அது வராது. ஆனால் ஓடிவிட்டு அதே ஈர சாக்ஸோடு கிடங்கு வேலைக்கு எட்டு மணி நேரம் பூட்ஸ் மாட்டுகிறவர்கள் நம்மவர்களில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் விரல் சிவந்து வீங்கி அரித்தால் அது சில்பிளெய்ன்ஸ் என்கிற குளிர் வீக்கம். சொறியாமல் காலை மெதுவாகச் சூடேற விடுங்கள், நேரே வெந்நீரில் இறங்கினால் அதிகமாகும்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் தயவு செய்து: பாத உணர்வு குறைந்திருந்தால் மேலே சொன்ன எரிச்சல், வலி என்ற எச்சரிக்கை உங்களுக்கு வராமலே போகலாம். சூடேற்றிப் பொட்டலம் வேண்டவே வேண்டாம். ஓடி வந்ததும் விரல் இடுக்கு உட்பட காலை வெளிச்சத்தில் பாருங்கள். விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கிற பழக்கம் சின்னக் குளிருக்கே வருகிறது என்றால் அது ரேனாட் என்கிற, விரல் ரத்தக் குழாய் குளிரில் அளவுக்கு மீறிச் சுருங்கும் கோளாறாக இருக்கலாம், சாக்ஸ் தேடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். வாஸலைன் தடவினால் குளிர் தாங்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. தாங்காது, அது உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான்.

தம்பி, உங்கள் மரப்பு செப்டம்பரிலும் வந்ததா? வந்திருந்தால் குளிர் காரணம் இல்லை, லேஸ் இறுக்கமோ ஷூ அகலமோ பாருங்கள்.

அடையாறு_ஓட்டக்காரன்

செப்டம்பரில் நீண்ட ஓட்டத்தில் லேசாக வந்ததுண்டு, இதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. இன்றைக்கு லேஸை முன்பக்கம் இரண்டு துளை தளர்த்திவிட்டு ஓடினேன், அதே நனைந்த சாக்ஸ்தான், ஆனால் விரல் கடைசிவரை இருந்தது. நன்றி.

முடிவு: இந்த மாதம் மெரினோ சாக்ஸ், உயரமானது. ஞாயிறு ஓட்டத்துக்கு அரை அளவு பெரிய நீர்புகா ஷூ, தள்ளுபடி விற்பனை வரும்போது. வாரநாள் மெஷ் ஷூ ராத்திரி ஒன்பது மணிக்கு நனைந்து வருகிறது, மறுநாள் மாலையும் ஈரம் போகவில்லை. ஹீட்டர் மேல் வைக்கலாமா?

நரைதாடி

வைக்காதீர்கள். ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் விட்டுக்கொடுத்துவிடும், நுரையும் சுருங்கும். உள்தட்டை வெளியே எடுத்து, லேஸைத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே விரல் முனை வரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் நனைந்திருக்கும், அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள். படுக்கப் போகும்முன் இன்னொரு தடவை. அந்த இரண்டாவது மாற்றத்தைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் காலையில் ஷூ ஈரமாக இருக்கும். வீட்டுக்கு வரும் விளம்பரத் தாள் போதும், ஆனால் வழுவழுப்பான தாள் தண்ணீரை இழுக்காது, சொரசொரப்பானதாகப் பாருங்கள். திணிக்கும்முன் உப்பைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய ஷூ ஒரு ஜோடியைத் தூக்கிப் போடாமல் மாற்றி மாற்றி ஓடினால் இன்னும் நல்லது.

ஓட்டத்தைவிட அது முடிந்த அடுத்த பத்து நிமிஷம்தான் முக்கியம் என்பேன். ஓடும்போது உடம்பு சூட்டைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது, நின்ற கணமே அது நின்றுவிடும், ஈரம் மட்டும் காலோடு இருக்கும். வாசலில் நின்று கடிகாரத்தில் வேகம் பார்க்காமல் நேரே சாக்ஸைக் கழற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போகிறீர்கள் என்றால் துண்டு, உலர்ந்த சாக்ஸ், தளர்வான பூட்ஸ் மூன்றும் முன் இருக்கையில் இருக்கட்டும். அப்புறம், போகும்போது எதிர்க்காற்றில் போய் வரும்போது காற்றை முதுகில் வாங்குகிற மாதிரி வழியை வையுங்கள். வியர்த்த பிறகு எதிர்க்காற்றில் வந்தால் மேலிருந்து கீழ்வரை எல்லாம் குளிரும்.

ஹாமில்டன் பற்றி: 1894-ல் தொடங்கிய ஓட்டம் அது, பாஸ்டன் மாரத்தானைவிட மூன்று வருஷம் மூத்தது. மார்ச் கடைசி என்பதால் பளீரென்று வெயிலும் அடிக்கும், குளிர் மழையும் கொட்டும், எதற்கும் தயாராகப் போக வேண்டும். மழை நாளில் நீர்புகா ஷூ வேண்டாம், அக்காவே சொல்ல மாட்டார். மெஷ், மெல்லிய மெரினோ, விரல் இடுக்கிலும் குதிகாலிலும் உராய்வுக்காக வாஸலைன். புது சாக்ஸை அன்றைக்குப் பிரிக்காதீர்கள்.

மல்வேர்ன்_அக்கா

மழைக்கு நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அண்ணை இந்த ஒருமுறை வென்றுவிட்டார்.

தம்பி, விழுந்ததும் ஐஸாகிவிடுகிற உறைமழை கொட்டுகிற நாளில் மட்டும் வீரம் காட்ட வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தோடு சேர்ந்த பான் ஆம் விளையாட்டு மையம் இருக்கிறது, உள்ளே 200 மீட்டர் ஓடுதளம். சுற்றிச் சுற்றி ஓட அலுப்புத்தான், ஆனாலும் ட்ரெட்மில் இல்லையே, மேலே ஒரு சொல் எழுதிவிட்டுப் போனவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஓடுதளம் எந்த நேரம் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டுப் போங்கள். பனிக்கரடி சொன்ன திருகு முடுக்கின சப்பாத்தோடு மட்டும் உள்ளே போய்விடாதீர்கள், வாசலிலேயே மறித்துவிடுவார்கள்.